கலும்பாங்குக்கு வந்த சாணை யந்திரம்

ரப்பர் மரத்தைப் பற்றியும், விடியுமுன் பனியில் நின்று அதைச் சீவியவர்களின் வாழ்க்கையைப் பற்றியும் மலேசியத் தமிழர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாலைத் தகடாக்கிய யந்திரங்களைப் பற்றியும், இரவு பகல் பாராமல் அவற்றை ஓடவைத்த ஃபிட்டர்மார்களைப் பற்றியும் என் பார்வைக்கு வந்த எழுத்து மிகச் சொற்பம். என் தாய்மாமன் அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர். வடக்குச் சிலாங்கூர்த் தோட்டங்களில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு கலும்பாங்கில் சொந்தமாக ஒரு சிறு பட்டறை வைத்தவர். அவர் ஒரு பழைய சாணை யந்திரத்தைத் தேடி வாங்கியதையும், ஊர் பேர் தெரியாமல் வந்த அந்த யந்திரத்தின் பூர்வோத்தரத்தைக் கண்டுபிடித்ததையும் உடனிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சாணை என்றதும் கத்தி தீட்டுகிற சாணையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது உருண்டையான எஃகுத் தண்டுகளின் மேற்பரப்பை மிக நுட்பமாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் யந்திரம். பட்டறைக்காரர்கள் சிலிண்டிரிகல் கிரைண்டர் என்று சொல்வது. தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் பழைய ரப்பர் ஸ்டோரை ஒருமுறை மனக்கண்ணால் பார்க்க வேண்டும். காலையில் சேர்ந்த பாலில் தண்ணீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் விட்டு, தொட்டிகளில் தடுப்புகளுக்கு இடையே உறையவைப்பார்கள். கெட்டித் தயிர்போல வெண்மையாக நிற்கும் அந்தப் பாளத்தை, வரிசையாக நிற்கும் பல ஜோடி உருளைகளுக்கு ஊடாக விடுவார்கள். ஜோடிக்கு ஜோடி இடைவெளி குறுகிக்கொண்டே வரும். கடைசி ஜோடியில் பள்ளம் வெட்டிய உருளை, தகட்டின் மேல் வரிவரியாக அடையாளம் பதிக்கும். அதன் பிறகு புகைக்கூடம். தகடு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனத்தில் எங்கும் ஒரே சீராக இருக்கவேண்டும். ஓரிடத்தில் தடித்துவிட்டால் அங்கே ஈரம் தங்கி, காய்ந்த தகட்டில் வெள்ளைத் திட்டாகத் தெரியும்; தரம் பிரிக்கிறவர் அதை எடுத்துக் கீழ்த்தரத்தில் போட்டுவிடுவார். இந்தத் தடிப்புக்குப் பால் எடுத்தவர்மேலும் அமிலம் விட்டவர்மேலும் பழி விழுவதுண்டு. பல சமயங்களில் உண்மைக் காரணம், உருளையின் இரு முனைகளிலும் பித்தளைத் தாங்கிக்குள் சுழலும் கழுத்துப் பகுதி, அமிலம் கலந்த நீரில் அரித்துத் தேய்ந்து வட்டம் கெட்டுப்போயிருப்பதுதான். அந்தக் கழுத்தை ஜர்னல் என்பார்கள்.

ஜர்னலைக் கடைசல் யந்திரத்தில் பிடித்துச் சீவலாம். ஆனால் உளி எவ்வளவு கூராக இருந்தாலும் சுருள் சுருளாக நுண்ணிய கோடுகளை விட்டுத்தான் செல்லும். அந்தக் கோடுகளின் முகடு பித்தளையை அரித்துவிட்டுத் தானும் தேயும். சில மாதங்களில் பழைய கதை. கடினப்படுத்திய எஃகாக இருந்தால் சாதாரண உளி அதைத் தொடவும் முடியாது. இந்த இரண்டு சங்கடங்களுக்கும் பரிகாரமாகத்தான் சாணை யந்திரம் பிறந்தது. 1876-ம் வருஷ வாக்கில் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்துப் பிரௌன் அண்டு ஷார்ப் கம்பெனியார், தையல் யந்திர உறுப்புகளைச் செய்த அனுபவத்திலிருந்து, பலவகை வேலைக்கும் பொருந்தும் சாணை யந்திரம் ஒன்றை அமைத்தார்கள். 1900-ல் சார்லஸ் நார்ட்டன் என்பவர் அதே நாட்டின் வூஸ்டர் நகரத்தில், கனத்த உடலும் அகன்ற கல்லும் கொண்ட யந்திரத்தைச் செய்து, அதுவரை இறுதி மெருகுக்கு மட்டும் உதவிவந்த சாணையைப் பெரும் உற்பத்திக் கருவியாக மாற்றினார். மோட்டார் வண்டியின் கிராங்க் தண்டை விரைவாகவும் ஒரே அளவிலும் செய்ய முடிந்ததில் அவருடைய யந்திரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இதன் சூட்சுமத்தை மாமா எனக்கு விளக்கிய விதம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. கடைசல் யந்திரத்தில் வேலைப்பொருளைப் பிடித்திருக்கும் தலைப்பகுதியே சுழல்கிறது. ஆகையால் அதன் தாங்கியிலுள்ள குறை எதுவானாலும் பொருளின் மேல் பதிந்துவிடுகிறது. சாணை யந்திரத்திலோ இரு பக்கத்துக் கூம்பு சென்டர்களும் அசையாமல் நிற்க, தண்டு மட்டும் அவற்றின் நடுவே ஒரு கொக்கியால் தள்ளப்பட்டுச் சுழல்கிறது. அசையாத இரண்டு புள்ளிகளுக்கு இடையே சுழலும் பொருள், அதன் முனைத் துளைகள் சுத்தமாக இருக்கும்வரை, வட்டம் பிசகுவதற்கு வழியில்லை. 20 அங்குல விட்டமுள்ள கல் நிமிஷத்துக்கு 1,200 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு நிமிஷத்துக்கு ஏறத்தாழ 6,300 அடி ஓடுகிறது. தண்டின் மேற்பரப்போ 60, 70 அடி வேகத்தில் நிதானமாகத் திரும்பிக்கொடுக்கிறது. "கல்லுக்கு அவசரம், தண்டுக்குப் பொறுமை; ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலை" என்பார் மாமா.

கலும்பாங், உலு சிலாங்கூரின் வடகோடியில் இருக்கிறது. சற்று மேலே போய்ப் பெர்னாம் ஆற்றைக் கடந்தால் பேராக்கின் தஞ்சோங் மாலிம். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ செல்லும் பழைய சாலையும் ரயில் பாதையும் அந்த வழியேதான் போயின. சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து பம்புத் தண்டு, டிராக்டர் உறுப்பு, ஆலைத் தண்டு என்று மாமாவின் பட்டறைக்கு வேலை வந்துகொண்டேயிருந்தது. ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவந்த காலம் அது. மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டம் எங்கள் மாநிலத்திலேயே, கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-ல் உருவானது. அதை நட்ட ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் பின்னால் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-ல் கோன்கூர் பரிசு பெற்றார். அவர் நட்ட பயிர் எங்கள் தலைமுறையில் குன்றுகளையெல்லாம் மூடிக்கொண்டது. எண்ணெய் ஆலைகளில் பழக்குலையை வேகவைத்துப் பிழியும் திருகு அழுத்திகளுக்கு ரப்பர் உருளைகளைவிடப் பளு அதிகம். அவற்றின் தண்டுகள் இன்னும் விரைவில் தேய்ந்தன. மாமா கடைசலில் சீவி, உலோகம் ஏற்றி, மறுபடி சீவித் தந்தாலும், கடைசி அளவுக்கும் மெருகுக்கும் கோலாலம்பூர்ச் சான் சோவ் லின் சாலைப் பட்டறைகளுக்கு லோரியில் அனுப்பவேண்டியிருந்தது. போக வரக் கூலியும் காத்திருப்பும் சேர்ந்து, வேலையில் கிடைத்த லாபத்தைத் தின்றுவிட்டன. தம் பட்டறையில் தொடங்கிய வேலையைப் பிறர் கையில் முடிக்கக் கொடுப்பதில் அவருக்கு இருந்த மனவருத்தம் காசைவிடப் பெரிது என்பதை நான் அறிவேன்.

புது யந்திரம் வாங்குவது எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. அந்தச் சமயத்தில் ஈயத்துக்கு வந்த அனர்த்தம் பழைய யந்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உலக ஈய விலையைத் தாங்கிப்பிடித்திருந்த சர்வதேச ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்துபோக, 1985 அக்டோபர் 24-ந் தேதி லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நிறுத்தப்பட்டது. மறுபடி வியாபாரம் நடந்தபோது விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்திருந்தது. பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றி, குளம் போன்ற பள்ளங்களில் மிதந்தபடி மண்ணை வாரி ஈயம் பிரித்த பிரம்மாண்டமான கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கப்பல் ஓய்ந்தால் அதைப் பராமரித்த பட்டறையும் ஓயும். எத்தனையோ குடும்பங்களின் பிழைப்புக் கெட்ட அந்த வேளையில், பழைய இரும்பு வியாபாரிகளின் வேலிகளுக்குள் கடைசல் யந்திரங்களும் துளைக்கும் யந்திரங்களும் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. நல்ல கருவி மழையில் நனைவதைப் பார்க்க மாமாவால் முடியாது. வாங்க நினைக்காதவற்றின் மேலும் தகரத்தை இழுத்துப் போட்டு மூடிவிட்டுத்தான் அடுத்ததைப் பார்ப்பார்.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு வெளியே அப்படியொரு வேலிக்குள் நாங்கள் தேடியது கிடைத்தது. பச்சை வர்ணம் பூசி, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் மூடி, பாதி தகரத்தின் அடியிலும் பாதி வெளியிலுமாக நின்றது. முகப்பில் பெயர்த் தகடு இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. பித்தளைக்கு விலை உண்டென்று யாரோ பெயர்த்திருக்க வேண்டும். வியாபாரியான சீனத் தவுக்கே, மோட்டாரின் மேலிருந்த தகட்டைக் காட்டி, இது ஜெர்மன் சாமான் என்று பசார் மலாயில் உறுதியாகச் சொன்னார். மாமா மறுத்துப் பேசவில்லை. என் பக்கம் திரும்பி, "மோட்டார் எரிஞ்சா எந்த ஊர் மோட்டாரை வேணும்னாலும் மாட்டலாம், தம்பி. பெட்டை மாத்த முடியாது. பெட்டைப் பாரு" என்றார்.

பெட் என்பது யந்திரத்தின் அடித்தளம். அதன் மேலே மேஜை முன்னும் பின்னும் ஓடுவதற்கு இரண்டு வழித்தடங்கள்: ஒன்று வி வடிவப் பள்ளம், மற்றது சமதளம். மாமா மேஜையை ஒரு கோடிக்குத் தள்ளச் சொல்லி, வழித்தடத்தைத் துணியால் துடைத்து, வெயில் சாய்வாக விழும்படி நின்று பார்த்தார். புதிதாகச் செய்தபோது கைச் சுரண்டியால் சுரண்டிச் சமன்செய்த அடையாளங்கள், மீன் செதில் வரிசையாக, இரு கோடிகளிலும் தெளிவாக இருந்தன. நடுவில் மங்கியிருந்தனவே தவிர முற்றும் மறையவில்லை. சாணை யந்திரத்தில் மேஜை பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் ஓடுகிறது. ஆகையால் நடு தேய்ந்து கோடிகள் தேயாமல் இருப்பது சகஜம். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதே கேள்வி. கையோடு கொண்டுபோயிருந்த நுண்மட்டத்தை மேஜையின் மேல் வைத்து, மேஜையை மெல்ல நகர்த்தி, குமிழி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தோம். ஒரு கோட்டுக்குள் அடங்கிற்று. மாமாவின் முகத்தில் அபிப்பிராயம் தெரியாது; பீடியை எடுத்துப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டதிலிருந்து அவருக்குத் திருப்தி என்று நான் ஊகித்தேன்.

அடுத்தது கல்லைச் சுழற்றும் ஸ்பிண்டில். சாணை யந்திரத்துக்கு உயிர்நிலை அதுதான். தவுக்கே ஒத்தாசையாக, மின்சாரம் இழுத்து ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். மாமா கையை நீட்டித் தடுத்துவிட்டார். எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடி வறண்டு கிடந்தது. இந்த வகை ஸ்பிண்டிலுக்குக் குண்டுத் தாங்கி கிடையாது. எஃகுத் தண்டுக்கும் வெண்கலத் தாங்கிக்கும் நடுவே, ஆயிரத்தில் ஓர் அங்குலத்துக்கும் குறைந்த இடைவெளியில், எண்ணெய்ப் படலம் ஒன்றின் மேல் மிதந்துகொண்டுதான் அது சுழல்கிறது. எண்ணெயில்லாமல் ஓட்டிக் காட்டப்பட்ட ஸ்பிண்டில், ஓட்டிக் காட்டிய அந்த ஒரு நிமிஷத்திலேயே நாசமாகலாம். பழைய சாணை யந்திரம் வாங்கப் போகிறவர்கள், ஓடுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்பதை இவ்விடத்தில் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெல்ட்டைக் கழற்றி, தாங்கியில் சில துளி எண்ணெய் விட்டு, ஸ்பிண்டிலைக் கையால் சுழற்றினோம். ஓரிடத்திலும் தட்டாமல், எங்கும் ஒரே கனமாகத் திரும்பிற்று. டயல் கேஜின் முள்ளை ஸ்பிண்டிலின் கூம்பு மூக்கில் வைத்துச் சுழற்றியபோது முள் அசைந்ததாகவே சொல்ல முடியாது. பிறகு மரக்கட்டையை அடியில் கொடுத்து மேல்நோக்கி நெம்பினார். முள் அரை தௌ அளவுக்கு ஏறி, விட்டதும் இறங்கிற்று. ஆயிரத்தில் ஓர் அங்குலத்தைத் தௌ என்பது பட்டறை வழக்கு. முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்ததிலும் குறையில்லை. கல்லை முன்னே தள்ளும் திருகாணியில் மட்டும் தளர்ச்சி இருந்தது, அது திருத்தக்கூடியது. மேஜையை நகர்த்தும் எண்ணெய் அழுத்தப் பகுதியின் தொட்டியைத் திறந்தால், தண்ணீர் புகுந்து எண்ணெய் வெளுத்திருந்தது. அதை ஓட்டாமல் மதிப்பிட முடியாதாகையால் கெட்டது என்று வைத்தே விலை பேசுவதென்று மாமா தீர்மானித்தார்.

விலைக்கு முன்னால் இன்னொரு தேடல். கல்லைப் பிடிக்கும் பக்கத் தகடுகளும், கல்லைச் சமன்செய்யும் எடைகளும், கல்லின் முகத்தைச் சீராக்கும் வைரத்தைப் பிடிக்கும் தாங்கியும் யந்திரத்தோடு இல்லை. இவை இல்லாத சாணை யந்திரத்தை வாங்கினால், ஸ்பிண்டிலின் கூம்புக்கு ஒத்தபடி புதிதாகச் செய்து முடிப்பதற்குள் யந்திரத்தின் விலை கரைந்துவிடும். அதே பட்டறையிலிருந்து வந்த சாமான்கள் கிடந்த குவியலை வெகுநேரம் கிளறி, மாமா பக்கத் தகடு ஜோடி ஒன்றை எடுத்தார். கூம்பைத் துடைத்து நீல மை தடவி ஸ்பிண்டிலில் ஏற்றிப் பார்த்தார். மை சுற்றிலும் ஒரே சீராகப் பட்டிருந்தது. இதுதான் அதனுடையது. எடைகளும் வைரத் தாங்கியும் பிற்பாடு கிடைத்தன. பழைய இரும்பின் எடை விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டி, சில நூறு வெள்ளி வித்தியாசத்தில் நெடுநேரம் பேசி, வியாபாரம் முடிந்தது. தவுக்கே கடைசிவரை ஜெர்மன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதில் கபடம் இல்லை, மோட்டார்த் தகட்டை அவர் உண்மையாகவே நம்பியிருந்தார்.

யந்திரம் ராவாங் வந்து, அங்கிருந்து வடக்கே திரும்பி, செரண்டா, பத்தாங் காலி, ராசா, கெர்லிங் வழியாகக் கலும்பாங் வந்துசேர்ந்தது. மேஜை நகராமல் கட்டையடித்து, கல்லைத் தாங்கும் கல்தலையைப் பூட்டி, தூக்குக் கம்பிகள் பெட்டின் அடித் துளைகளில் மாத்திரம் மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று மாமா திரும்பத் திரும்பப் பார்த்தார். கல்தலையில் கயிறு கட்டித் தூக்கினால் அத்தனை பாரமும் ஸ்பிண்டிலின் மேல் விழும்.

வந்த பிறகு ஆரம்பமாயிற்று எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். யந்திரம் யாருடையது என்று தெரியாவிட்டால் அதை ஓட்டவே முடியாது என்பதில்லை. ஆனால் ஸ்பிண்டிலுக்கு எந்த எண்ணெய், தாங்கியை இறுக்குவது எப்படி, எந்த உறுப்பு வேறெங்கே கிடைக்கும் என்ற கேள்விகள் அத்தனையும் செய்தவர் பெயரில் போய் முடிந்தன. மாமா முதலில் மரைகளிடம் கேட்டார். அசலாக இருக்கக்கூடிய அரை அங்குல போல்ட் ஒன்றைக் கழற்றி, மரை அளவியை வைத்துப் பார்க்கச் சொன்னார். அங்குலத்துக்கு 12 மரை. அமெரிக்க அரை அங்குல போல்ட்டுக்கு 13. மரையின் கோணமும் அமெரிக்கருக்கு 60 பாகை, பிரிட்டிஷாருக்கு 55. மான்செஸ்டர்க்காரரான ஜோசப் விட்வொர்த் 1841-ல் வகுத்த கணக்கு இது. ஜெர்மனியிலும் ஒரு காலத்தில் இந்த மரை புழங்கியதுண்டு என்பதால் மாமா அத்துடன் நிற்கவில்லை. கல்லை முன்தள்ளும் கைச்சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றவைத்து, கல்தலை நகர்ந்த தூரத்தை டயல் கேஜால் அளந்தோம். மில்லிமீட்டர் கணக்கில் 0.635 என்று முழுமையில்லாமல் வந்த அது, அங்குலக் கணக்கில் துல்லியமாக 25 தௌ. சக்கரத்தின் கோடுகளோ 50 காட்டின. அதாவது தண்டின் விட்டத்தில் எவ்வளவு குறையும் என்பதைச் சக்கரமே இரட்டித்துக் காட்டும்படி அமைத்திருந்தார்கள். அங்குலத்தில் சிந்தித்து, அங்குலத்தில் திருகாணி வெட்டிய ஊர். ஆகவே இங்கிலாந்து, அதிலும், பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து 1948-ல் பொது மரைக்கு ஒப்புக்கொண்டதன் சாயல் எந்த போல்ட்டிலும் இல்லாததால், வயதும் ஓரளவு விளங்கிற்று.

இங்கிலாந்தில் சாணை யந்திரம் செய்தவர்கள் ஒருவரா, இருவரா? லெஸ்டரில் ஜோன்ஸ் அண்டு ஷிப்மன், பீட்டர்பரோவில் நியூவால் என்று பலர் இருந்தார்கள். பச்சைக்கு அடியில் சாம்பல் நிறமும், அதற்கும் அடியில் மங்கிய கருப்புமாக வர்ணத்தைச் சுரண்டிக்கொண்டே போனேன். பெட்டின் ஒரு கோடியில் அச்சுக் குத்திய எண் ஒன்று தெரிந்தது. எண் மட்டுமிருந்து பெயரில்லாவிட்டால் பிரயோஜனம் என்ன? எண்ணெய்த் தொட்டியின் கதவுக்கு உட்புறத்தில்தான், வர்ணத்துக்குள் புதைந்து, எங்கெங்கே எண்ணெய் விடவேண்டும் என்று காட்டும் தகடு ஒன்று அகப்பட்டது. அதன் மேற்பாதி உடைந்துபோயிருந்தது. அடியில் எஞ்சியிருந்த வரியில் பிராட்ஹீத் என்ற ஊர்ப் பெயரும், அதையடுத்து மான்செஸ்டர் என்பதும் மாத்திரம் படிக்க முடிந்தன.

மாமா உடனே செந்தூலுக்குப் புறப்பட்டார். 1945-ல் நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசித் தகர்த்து, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்ட அவ்வூர் ரயில்வே பட்டறையில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்கள். அவர்களில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மாமாவுக்குப் பழக்கம். தகட்டில் இருந்த எழுத்துகளை நான் காகிதத்தில் எழுதிக் காட்ட, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். பிராட்ஹீத் என்பது மான்செஸ்டருக்குத் தெற்கே ஆல்ட்ரிங்காமை ஒட்டிய தொழிற்பேட்டை என்றும், ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ், கேர்ன்ஸ், சர்ச்சில் என்று யந்திரம் செய்யும் கம்பெனிகள் பல அங்கே அருகருகே இருந்தன என்றும் சொல்லிவிட்டு, மாமாவைப் பார்த்தார்.

"ரிச்சர்ட்ஸும் கேர்ன்ஸும் துளை பெருக்குற போரிங் யந்திரக்காரங்க. நீ வாங்கியிருக்கிறது என்ன?"

"சாணைங்க அண்ணே."

"அப்படின்னா சர்ச்சில். பிராட்ஹீத்துல சாணைக்கு அவங்கதான் பேர் போனவங்க."

எழுந்து உள்ளே போய், மூட்டை கட்டிவைத்திருந்த பழைய விளம்பரப் புத்தகங்களில் ஒன்றை எடுத்துவந்தார். அதிலிருந்த படத்தில், எங்கள் யந்திரத்தின் கல்தலை வளைவும் கைச்சக்கரத்தின் இடமும் பெட்டின் கால்களும் அப்படியே இருந்தன. அமெரிக்காவில் 1837-ல் பிறந்து, லண்டனுக்கு வந்து, தம் நாட்டு யந்திரங்களைத் தருவித்து விற்ற சார்லஸ் சர்ச்சில் என்பவரின் வியாபார ஸ்தாபனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொந்தமாகவே சாணை யந்திரம் செய்யப் புகுந்தது என்பதையும், முதல் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து 1970-களின் தொடக்கம்வரை பிராட்ஹீத்தில் இயங்கியது என்பதையும் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். எழுதிக் கேட்பதற்கு அந்த ஆலை இப்போது இல்லை. ஆனாலும், பெயர் தெரிந்தவுடனேயே பெரியவர் அந்த வகை யந்திரத்தில் வேலை செய்த இன்னொருவரை வரவழைத்தார். அந்த மனிதர் ஒரு மாலைப்பொழுதில் எங்களுக்குச் சொன்னவற்றை நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். ஸ்பிண்டிலுக்கு மெல்லிய ஸ்பிண்டில் எண்ணெயே விடவேண்டும், கெட்டியான எண்ணெய் சூடேறி இடைவெளியைப் பிடித்துவிடும். காலையில் வேலை தொடங்குமுன் கல்லை வெறுமனே ஓடவிட்டுத் தாங்கி சூடேறி நிலைப்பட்ட பிறகே அளவுக்கு இறங்கவேண்டும். மழைக்காலக் காலையில் எடுத்த அளவை நண்பகலில் நம்பக்கூடாது. இத்தகைய விஷயங்கள் எந்தத் தகட்டிலும் இருப்பதில்லை.

மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்த அன்று கல் மாட்டவில்லை. மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்த் திசையில் ஓடும். கல்லை இறுக்கும் நட்டு தானே கழன்றுவிடும். திசை சரியென்று கண்ட பிறகே கல்லைப் பற்றிய பேச்சு. யந்திரத்தோடு வந்த பழைய கல்லை மாமா உபயோகிக்கவில்லை. புதுக் கல்லையும் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டி, கணீரென்று ஒலிக்கிறதா என்று கேட்டார். விரிசல் உள்ள கல் மந்தமாகத்தான் ஒலிக்கும், அது ஓடும்போது சிதறினால் எதிரில் நிற்பவர் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத் தகட்டில் எடைகளை நகர்த்திச் சமன்செய்து, வைரத்தால் முகத்தைச் சீராக்கி, ஒரு சோதனைத் தண்டைச் சென்டர்களுக்கு நடுவே ஏற்றினோம். பொறி பறக்கத் தேய்த்து, பிறகு மேலும் தள்ளாமல் பொறி அடங்கும்வரை மேஜையை ஓடவிட்டு, இரு கோடிகளிலும் மைக்ரோமீட்டர் வைத்தால் ஒன்றுக்கொன்று ஒரு தௌ வித்தியாசம். மேஜையின் மேல்பாதியைச் சற்றே திருப்பி மறுபடி தேய்த்தோம், வித்தியாசம் அரையாயிற்று, மீண்டும் திருப்பினோம். வித்தியாசம் மைக்ரோமீட்டரில் தெரியாத அளவுக்கு வந்தபோது, மாமா தண்டைக் கழற்றிக் கையில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே உருட்டி உருட்டிப் பார்த்தார்.

எண்ணெய் ஆலைத் தண்டுகள் அந்த யந்திரத்தில் எத்தனையோ வந்து போயின. ஆனால் மாமா மிகுந்த பிரியத்துடன் செய்த வேலை, ரப்பரைக் கைவிடாமல் வைத்திருந்த ஒரு தோட்டத்திலிருந்து வந்த உருளை வரிசைதான். ஜர்னல் ஒவ்வொன்றையும் வட்டத்துக்குக் கொண்டுவந்து, அதற்கேற்ப பித்தளைத் தாங்கிகளைத் தாமே கடைந்து, உருளைகளுக்கு நடுவே காகிதத் துண்டைச் செருகி இருபுறமும் ஒரே பிடியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார். அந்த ஸ்டோரின் மேற்பார்வையாளரான மண்டோர் பிறகு வந்து, தகட்டில் வெள்ளைத் திட்டு நின்றுவிட்டதாகச் சொன்னபோது, காசு கொடுத்த சமயத்தில் காணாத சந்தோஷம் மாமா முகத்தில் இருந்தது. அந்தத் தோட்டத்திலும் சில வருஷங்களில் செம்பனை வந்துவிட்டது. அதற்காக அந்த வேலையைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை; நானும் நினைக்கவில்லை.

மாமா காலமான பின் பட்டறையை நடத்துவதற்கு வீட்டில் ஆளில்லாமற்போயிற்று. யந்திரத்தைக் கேட்டுத் தெலுக் இந்தானிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். வர்ணத்தைப் பார்க்கவில்லை, மேஜையை ஒதுக்கச் சொல்லி வழித்தடத்தைத் துடைத்துப் பார்த்தார், தாமே டயல் கேஜ் கொண்டுவந்திருந்தார். ஓட்டிக் காட்டட்டுமா என்று நான் கேட்டதும், முதலில் குனிந்து எண்ணெய்க் கண்ணாடியைப் பார்த்தார். நான் மனத்தில் வைத்திருந்த விலையிலிருந்து அப்போதே ஒரு பகுதியைக் குறைத்துவிட்டேன். பக்கத் தகடுகள், எடைகள், வைரத் தாங்கி எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுத்து, நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தேன். பெயரும் ஊரும் பெட்டிலுள்ள எண்ணும் அதன் முதல் பக்கத்திலேயே இருந்தன. ஸ்பிண்டில் எண்ணெயின் ரகத்தை மாமா தம் கையாலேயே சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.